பரேல் ஆராய்ச்சிக்கூடமும் ஒரு புட்டி மருந்தும்

கல்யாண் சந்திப்பிலிருந்து மும்பை நகரை நோக்கி நாள்தோறும் ரயிலேறிச் செல்லும் தமிழ் மக்களுக்குப் பரேல் என்னும் பெயர் புதியதன்று. மாதுங்காவையும் தாதரையும் கடந்ததும் வண்டி அங்கே நிற்கும். கே.இ.எம். மருத்துவமனைக்கும் டாட்டா நினைவு மருத்துவமனைக்கும் செல்வோர் அங்கே இறங்குவர். நோயுற்ற உறவினரை அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து வருவோர்க்கு வழிகாட்டியாக நம்மவர் பலர் அவ்விடத்தில் இறங்கியிருத்தல் கூடும். அவ்விரு மருத்துவமனைகளுக்கு அருகிலேயே, மரங்கள் அடர்ந்த வளாகம் ஒன்றினுள் ஹாஃப்கின் நிலையம் அமைந்துள்ளது. பிளேக் நோய்க்குத் தடுப்பு மருந்து கண்ட நிலையம் என்று அதனை நாம் அறிவோம். அதன் புகழைப் பற்றிப் பேசியோர் பலர். நாம் இன்று எடுத்துக்கொண்டுள்ள பொருள் வேறு. நோய்க்கிருமிகளை வளர்த்து ஆராயும் இடமொன்று தன்னையும், தன்னுள் பணிபுரிவோரையும், தான் அனுப்பும் பொருளைப் பெறுவோரையும் எவ்வாறு காத்துக்கொள்வது? அக்காவல் சரிவர நடைபெறுகின்றதா என்று பார்ப்பவர் யார்? இக்கேள்விகள் நம் நாட்டில் உரத்துக் கேட்கப்பட்ட முதல் இடங்களுள் பரேலும் ஒன்று. கேட்கப்பட்ட விதந்தான் வருந்தத்தக்கது.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், பம்பாய் மாண்டவிப் பகுதியில் நோயாளி ஒருவரைப் பரிசோதித்த கோவா மருத்துவர் அகாசியோ வியேகாஸ், அது பிளேக் என்று அறிவித்தார். சில மாதங்களில் நகரத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினர். 1854-இலேயே பம்பாயிலிருந்து கல்யாண் வரை இருப்புப் பாதை போடப்பட்டிருந்தது. பின்னர் அங்கிருந்து ஒரு கிளை நாசிக் வழியாகவும், மற்றொன்று புணே வழியாகத் தெற்கே சென்னை நோக்கியும் பிரிந்தன. மக்கள் ஓடிய வழியே நோயும் ஓடிற்று. ரயில் பயணிகளை இறக்கி அக்குளையும் தொடையிடுக்கையும் தொட்டுப் பார்த்துச் சோதிக்கும் வழக்கம் அப்பொழுது ஏற்பட்டது. இந்திய நாடு முழுவதிலுமாக அடுத்த சில பத்தாண்டுகளில் இக்கொள்ளை நோய்க்கு இரையானோர் ஒரு கோடிக்கு மேற்பட்டவர். இடையே ஒன்று சொல்லிச் செல்லலாம். நெருக்கமான குடியிருப்பே நோய்க்குக் காரணம் என்று கருதிய அரசாங்கம், 1898-இல் நகரச் சீரமைப்புக் குழு ஒன்றை நிறுவிற்று. தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளை அகன்ற தெருக்களும் தோட்டங்களுமாக வகுத்தது அக்குழுவே. நம்மவர் கோயிலும் பள்ளியும் சபையும் கண்டு வாழ்ந்துவரும் மாதுங்கா, ஒரு வகையில் பிளேக் நோய் விட்டுச் சென்ற ஊர் எனலாம்.

நோய் தோன்றிய சில நாட்களில், கல்கத்தாவில் காலரா தடுப்பு ஊசிப் பணியில் ஈடுபட்டிருந்த வால்டிமார் ஹாஃப்கின் பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். 1860-இல் ஒடெஸா நகரில் பிறந்த யூதர். பாரிஸ் பாஸ்தர் நிலையத்தில் பயின்றவர். 1892-இல் தாம் கண்ட காலரா மருந்தை முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தவர். அவருக்குக் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் அதனை ஒட்டிய தாழ்வாரமும் அளிக்கப்பட்டன. உதவிக்கு ஓர் எழுத்தரும் மூன்று சிப்பந்திகளும் இருந்தனர். உலகிலேயே கொடியதெனக் கருதப்பட்ட கிருமியொன்று, மாணவர்கள் நடமாடும் கல்லூரியின் தாழ்வாரத்தில் குடுவை குடுவையாக வளர்க்கப்பட்டது. உதவியாளர்களுள் ஒருவர் மனம் தளர்ந்து நோயுற்றார். வேறு சிலர் விலகிச் சென்றனர். அவர்களைக் கோழைகள் என்று எழுதுவோர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவ்வறையில் முகமூடியில்லை, கையுறையில்லை, காற்றை வடிகட்டும் கருவியில்லை. எது செய்தால் நோய் பற்றும், எது செய்தால் பற்றாது என்று எழுதி வைத்த விதியும் இல்லை. பிளேக் நோயை எலித் தெள்ளுப்பூச்சி பரப்புகின்றது என்பதே அன்று எவருக்கும் தெரியாது. பால் லூயி சிமோன் அதனை 1898-இல் எடுத்துரைத்தபோதும் பலர் ஏற்கவில்லை. பரேலில் பணிபுரிந்த கிளென் லிஸ்டன் முதலியோரின் ஆராய்ச்சிக்குப் பின்னரே அது நிலைபெற்றது.

மருந்து செய்த முறையைச் சற்று விரிவாகக் கூறுவது பின்னே வருவதற்குத் துணையாகும். இறைச்சிச் சாற்றைக் குடுவைகளில் நிரப்பி, அதன்மேல் சிறிது நெய்யை மிதக்க விடுவர். கிருமிகள் நெய்த் துளிகளைப் பற்றிக்கொண்டு, குகையின் மேற்கூரையிலிருந்து சுண்ணக் கற்கள் தொங்குவதுபோல், கீழ்நோக்கி விழுதுவிட்டு வளரும். குடுவையை அசைத்தால் அவை உதிரும், மறுபடியும் வளரும். சில வாரங்களுக்குப் பின் அக்கலவையை வெப்பமூட்டிக் கிருமிகளைக் கொன்று, சிறிதளவு கார்பாலிக் அமிலம் சேர்த்துப் புட்டிகளில் அடைப்பர். வெப்பம் பிளேக் கிருமியைக் கொல்வதற்கு. கார்பாலிக் அமிலம் பின்னர் வேறொன்று புகுந்து பெருகாதிருப்பதற்கு. இவ்விரண்டாவது காவலே பிற்காலத்தில் பெரும் வழக்குக்கு இடமாயிற்று. 1897 ஜனவரி 10-ஆம் நாள், ஹாஃப்கின் இம்மருந்தைத் தம் உடலில் செலுத்தச் செய்தார். அம்மாத இறுதியில் பைகுலா சிறையில் நோய் தோன்றவே, அங்கே விரும்பிய கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. போட்டுக்கொண்டோரிடை நோய் மிகக் குறைவாகவே கண்டது.

அதே 1897-இல் வியன்னா நகரத்து மருத்துவக் குழு ஒன்று பம்பாய்க்கு வந்தது. ஹெர்மன் முல்லர், ஹைன்ரிக் ஆல்பிரெக்ட், ஆன்டன் கோன், ருடால்ஃப் போக் என்போர் அதில் இருந்தனர். மூன்று மாத காலம் இந்நகரத்து நோயாளிகளைக் கண்டும், இறந்தோர் உடலை ஆராய்ந்தும், பிளேக் கிருமிகளைக் குழாய்களில் வளர்த்து எடுத்துக்கொண்டும் அவர்கள் தாயகம் திரும்பினர். வியன்னாப் பொது மருத்துவமனையைச் சார்ந்த ஆராய்ச்சிக்கூடத்தில், விலங்குகளில் அக்கிருமியைச் செலுத்தும் சோதனைகள் தொடர்ந்தன. 1898 அக்டோபரில் அங்கே கூண்டுகளைத் துப்புரவு செய்துவந்த பணியாளர் ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். அக்டோபர் 18-ஆம் நாள் இறந்தார். அவருக்கு மருத்துவம் செய்த முல்லர், தமக்கும் நோய் பற்றியதைத் தாமே அறிந்து, பிறரை அருகில் வரவிடாது தனித்திருந்து அக்டோபர் 23-ஆம் நாள் உயிர் நீத்தார். பணியாளரைப் பேணிய செவிலியும் தப்பவில்லை. பம்பாயின் நோய், கப்பலேறிய எந்தப் பயணியின் உடலிலும் செல்லாமல், பஞ்சடைத்த கண்ணாடிக் குழாயில் சென்று ஐரோப்பாவின் நடுவே மூவரைக் கொன்றது.

அப்பணியாளர் குடிப்பழக்கம் உடையவர், கவனமற்றவர் என்று அக்காலத்தில் எழுதினர். இருந்திருக்கலாம். ஆயினும் கவனமற்றவர் என்று தெரிந்திருந்தும் அவரை அக்கூண்டுகளின் அருகே விட்டவர் யார் என்ற வினா அத்தனை உரத்து எழவில்லை. படித்த பேராசிரியர் கூடத்தில் பழி எளிதாகக் கீழ்நோக்கி இறங்கும். இதே சரிவை நம் நாட்டிலும், சற்று வேறு வடிவில், விரைவிலேயே காண்கிறோம்.

1899 ஆகஸ்டில் ஹாஃப்கினின் கூடம் பரேலிலிருந்த பழைய கவர்னர் மாளிகைக்கு மாற்றப்பட்டது. கவர்னர் பெர்குசனின் மனைவியார் 1882-இல் அம்மாளிகையில் காலரா கண்டு இறந்தார். பின்னர் வந்த கவர்னர்கள் மலபார் முனைக்குக் குடிபெயர்ந்தனர். காலராவால் கைவிடப்பட்ட மாளிகை, காலராவுக்கு மருந்து கண்டவரின் கைக்கு வந்தது. நடன மண்டபமும் விருந்து மண்டபமும் மருந்துக் குடுவைகளால் நிரம்பின. தாழ்வாரத்தில் தொடங்கிய வேலை இப்பொழுது பெருந்தொழிலாயிற்று. 1897 முதல் 1925 வரை இந்நகரிலிருந்து வெளியே சென்ற பிளேக் தடுப்பு மருந்து 2 கோடியே 60 லட்சம் ஊசிக்குரியது என்பர்.

1902-இல் பஞ்சாப் மாகாணத்தில் நோய் கடுமையாகப் பரவவே, அம்மாகாண அரசு மிகப் பெரிய அளவில் ஊசி போடத் திட்டமிட்டது. மருந்து வேண்டும், விரைவில் வேண்டும் என்று பரேலுக்கு வற்புறுத்தல் வந்தது. ஹாஃப்கின் செய்முறையை மாற்றினார். சாற்றுக்குப் பதிலாக அகர் என்னும் கடற்பாசிக் கூழில் கிருமியை வளர்த்தால் விரைவில் மருந்து கிடைக்கும். வெப்பமே போதுமென்று கருதிக் கார்பாலிக் அமிலத்தையும் விட்டுவிட்டார். அறிவியல் நோக்கில் இது பொறுப்பற்ற செயலன்று. அக்காலத்து நிபுணர் பலர் ஒப்பக்கூடியதே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல்லாயிரம் பேர் உடலில் செல்லவிருக்கும் மருந்தின் செய்முறையில் ஒரு காவலை நீக்குவதற்கு அவர் யாரிடம் விண்ணப்பித்திருக்க வேண்டும்? அவ்வாறு ஒருவரும் இல்லை. கூடத்தின் தலைவரும் அவரே, விதி வகுப்பவரும் அவரே, விதியைத் தளர்த்துபவரும் அவரே.

1902 அக்டோபர் 30-ஆம் நாள், பஞ்சாபின் குஜராத் ஜில்லாவைச் சேர்ந்த முல்கோவால் என்ற சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. அன்று திறக்கப்பட்ட புட்டிகள் ஐந்து. அவற்றுள் 53-என் என்று எண்ணிட்ட புட்டியிலிருந்து மருந்து பெற்றோர் 19 பேர். ஒரு வாரம் கழிந்தது. அந்தப் பத்தொன்பது பேருக்கும் தாடை இறுகிற்று. உடல் வில்போல் வளைந்தது. தனுர்வாதம் என்று நம் பழைய மருத்துவ நூல்கள் கூறும் இரண ஜன்னி அது. பத்தொன்பது பேரும் மாண்டனர். ஏனைய 88 பேருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. பிளேக் நோய்க்கு அஞ்சி, அதைக் காட்டிலும் ஊசிக்கு அஞ்சி, அதிகாரிகளின் சொல்லை நம்பிக் கை நீட்டிய உழவர் குடும்பங்கள் அவை.

அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. பம்பாய் உயர்நீதி மன்றத் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் அதன் தலைவர்; பாம்ஃபர்ட், செம்பிள் என்ற இரு மருத்துவ அதிகாரிகள் உறுப்பினர். புட்டி திறக்கப்படும் முன்னரே அதனுள் நச்சுக் கிருமி புகுந்திருந்தது என்பது அவர்கள் முடிவு. அதாவது குற்றம் பரேலைச் சேர்ந்தது. கிருமி நீக்கம் சரியாக நடக்காமலோ, பெரிய குடுவையிலிருந்து சிறு புட்டிக்கு ஊற்றும்போதோ அது நேர்ந்திருக்க வேண்டும். கார்பாலிக் அமிலம் நீக்கப்பட்டது பெரும் பிழையாகக் காட்டப்பட்டது. ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். இலண்டனிலுள்ள லிஸ்டர் நிலையத்தின் கருத்தும் அவருக்கு எதிராகவே அமைந்தது. விசாரணை ஏடுகள் 1906 டிசம்பரில்தான் அச்சில் வந்தன. நான்கு ஆண்டுக் காலம், தம்மீது சாட்டப்பட்ட குற்றத்தின் முழுச் சான்றையும் உலகம் காணாத நிலையில் அவர் பழி சுமந்தார்.

ஏடுகள் வெளிவந்தபின் நிலைமை மாறிற்று. மலேரியாவின் வழியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் அவற்றைக் கற்று வெகுண்டார். ஊசி போட்ட நாளில் முல்கோவாலில் நடந்தவற்றுள் ஒன்று விசாரணையிலேயே வெளிவந்திருந்தது. ஆயினும் குழு அதற்கு எடை கொடுக்கவில்லை. 53-என் புட்டியின் தக்கையை எடுக்கவேண்டிய இடுக்கி உதவியாளரின் கையிலிருந்து தரையில் விழுந்தது. அவர் அதனை எடுத்துக் கார்பாலிக் நீரில் அலசி, அதனாலேயே தக்கையைப் பிடுங்கினார். இரண ஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணில், அதிலும் சாணம் கலந்த கிராமத்து மண்ணில், நிறைந்திருப்பவை. மருந்து நீரில் ஒரு கணம் அலசுவதால் சாகாதவை. இது ஒன்று. பரேலில் அப்புட்டி நிரப்பப்பட்டு நாற்பத்தொரு நாட்கள் ஆகியிருந்தன. அத்தனை நாள் உள்ளே கிருமி வளர்ந்திருந்தால் புட்டியைத் திறந்தவுடன் துர்நாற்றம் எழுந்திருக்கும். திறந்த மருத்துவர் அவ்வாறு எதனையும் உணரவில்லை. நஞ்சும் மிகுதியாய்ச் சேர்ந்திருக்குமாதலால் நோய் விரைந்து தோன்றியிருக்கும். இங்கோ ஒரு வாரம் ஆயிற்று. ஆகவே கிருமி புகுந்தது திறக்கும்போதுதான் என்று ராஸ் வாதிட்டார். 1907 ஜூலையில் அவர் உள்ளிட்ட பத்து விஞ்ஞானிகள் இலண்டன் டைம்ஸ் பத்திரிகையில் கூட்டாக எழுதினர். அவ்வாண்டு இறுதியில் ஹாஃப்கின் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். பதவி அளிக்கப்பட்டது, ஆனால் பரேலில் அன்று, கல்கத்தாவில். 1914-இல் ஓய்வு பெற்று இந்தியாவை விட்டுச் சென்றார். 1925-இல் பரேல் கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930-இல் லோசான் நகரில் காலமானார்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவர். அநீதிக்குள்ளான மேதை, கடைசியில் வென்ற உண்மை என்று கதை அழகாக முடிந்துவிடுகின்றது. நமக்கு அது நிறைவளிக்கவில்லை. குற்றம் பரேலினின்று நீங்கி எங்கே சென்றது? பஞ்சாபில் இடுக்கி ஏந்திய ஓர் உதவியாளரின் கைக்குச் சென்றது. வியன்னாவில் கூண்டு துடைத்தவர்மீது விழுந்ததுபோல் இங்கும் கடைசிப் படியில் நின்றவர்மீதே விழுந்தது. விழுந்த இடுக்கியைச் சுடரில் காட்டிய பின்னரே தொடவேண்டும் என்பதை அவருக்குக் கற்பித்தவர் உண்டா, ஸ்பிரிட் விளக்கு அங்கே எரிந்துகொண்டிருந்ததா, மாற்று இடுக்கி ஒன்று வைத்திருந்தனரா என்பனவற்றை முன்கூட்டியே சென்று பார்க்கும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை. விசாரணைக் குழுவில் தலைமை நீதிபதி வீற்றிருந்தார். பத்தொன்பது பேர் இறந்த பின்பு. அவர்கள் உயிரோடிருந்தபோது, பரேலிலும் முல்கோவாலிலும் நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்து நிற்க ஒரு சாதாரண மேற்பார்வையாளர்கூட இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இச்சரித்திரத்தில் நாம் கருதத்தக்கது.

ஒன்று மட்டும் அன்று ஒழுங்காக நடந்திருந்தது. ஒவ்வொரு புட்டிக்கும் எண் இருந்தது. நிரப்பிய நாள் குறிக்கப்பட்டிருந்தது. யார் எதிலிருந்து ஊசி பெற்றார் என்பதும் தெரிந்திருந்தது. அதனாலன்றோ 107 பேரில் அந்தப் பத்தொன்பது பேரை ஒரே புட்டியோடு பொருத்திக் காண முடிந்தது? எண்ணில்லாதிருந்தால் மருந்து முழுவதுமே பழிக்கப்பட்டிருக்கும்; அல்லது எதுவுமே தெரியாது போயிருக்கும். ஹாஃப்கினைக் காத்தது ராஸின் பேனா என்பர். அப்பேனாவுக்கு மை தந்தது பெயர் தெரியாத எழுத்தர்களின் பதிவேடு.

இனி, விழுந்த இடுக்கி போன்ற ஒரு காட்சியை எல்லா விபத்திலும் தேடுவது எத்துணை தவறு என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. அமெரிக்காவில் சல்கின், பைக் என்ற இருவர், ஆராய்ச்சிக்கூடங்களில் பணியின்போது நோய் தொற்றியவர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 1951-இல் வெளியிட்டனர். பைக் அப்பணியை 1970-களிலும் தொடர்ந்து செய்தார். நோயுற்றோருள், ஊசி குத்தியது, குழாய் உடைந்தது என்று குறிப்பிடத்தக்க விபத்து நடந்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான பேருக்கே. மற்றவர்க்கு ஒன்றுமே நடக்கவில்லை. வழக்கம்போல் வேலை செய்தனர், நோயில் விழுந்தனர். குடுவையைக் குலுக்கும்போதும், தக்கையை எடுக்கும்போதும், சூடான கம்பியைக் கிருமிக் கூழில் தோய்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் காற்றில் எழுகின்றன என்பது பின்னரே நன்கு விளங்கிற்று. கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி மருந்தை அளக்கும் பழக்கமும் கல்லூரிகளில் நெடுங்காலம் நீடித்தது. ஆசிரியர் செய்தார், மாணவர் செய்தனர். எவரும் அதனைக் குற்றமாக எண்ணவில்லை. குற்றவாளியைத் தேடும் விசாரணை இத்தகைய தீங்கைக் காண இயலாது. தினசரிப் பழக்கத்தைச் சென்று பார்ப்பவரே காண இயலும்.

சென்று பார்ப்பதனால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 1978-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. உலகிலிருந்து பெரியம்மை ஏறக்குறைய ஒழிந்துவிட்ட காலம் அது. அப்பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அம்மைக் கிருமி ஆராய்ச்சி நடந்துவந்தது. அக்கூடத்துக்கு மேல் மாடியில் பணிபுரிந்த பெண் புகைப்படக் கலைஞர் ஒருவர் ஆகஸ்டில் அம்மை கண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் இறந்தார். உலகில் பெரியம்மையால் இறந்தவர்களுள் கடைசியானவர் அவர். இத்துயரைத் தாங்காது கூடத்தின் தலைவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அக்கூடத்தைப் பார்வையிட்டோர் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் ஆலோசனைக் குழு இரு முறை பார்வையிட்டு, வேலை தொடரலாம் என்றே கூறியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தாரோ, வசதிகள் போதிய தரத்தில் இல்லை என்று கருத்துரைத்திருந்தனர். கூடத்தில் நடைபெறும் வேலையின் அளவு முழுமையாகப் பார்வையாளருக்குச் சொல்லப்படவில்லை என்று பின்னர் நடந்த ஷூட்டர் விசாரணை கண்டது. கிருமி எவ்வழியாக மேல் மாடிக்குச் சென்றது என்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவேயில்லை. பல்கலைக்கழகத்தின்மீது தொடரப்பட்ட வழக்கும் நிற்கவில்லை. இங்கும் அவசரம் இருந்தது. அவ்வாண்டு முடிவில் கூடம் மூடப்படவிருந்ததால் ஆராய்ச்சியை முடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடி. 1902-இல் பரேலை நெருக்கியது பஞ்சாபின் தேவை. 1978-இல் பர்மிங்ஹாமை நெருக்கியது நாட்காட்டி.

நம் நாட்டில் இதற்கென விதிகள் ஏற்பட்டது 1989-இல். 1984-இல் போபாலில் நச்சுவாயு கசிந்ததை அடுத்து 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது; அதன்கீழ் 1989 டிசம்பர் 5-ஆம் நாள், தீங்கு விளைவிக்கும் நுண்ணுயிர்களையும் மரபணு மாற்றிய உயிர்களையும் கையாள்வது பற்றிய விதிகள் அறிவிக்கப்பட்டன. அதன்படி இத்தகைய ஆராய்ச்சி நடக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நிறுவனமும் தன்னகத்தே உயிரிப் பாதுகாப்புக் குழு ஒன்றை வைத்திருத்தல் வேண்டும். நிறுவனத் தலைவர், விஞ்ஞானிகள், ஒரு மருத்துவர், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையால் நியமிக்கப்படும் ஒருவர் ஆகியோர் அதில் இடம் பெறுவர். செய்முறையில் ஒரு காவலை நீக்க விரும்பும் ஆராய்ச்சியாளர் இன்று இக்குழுவின்முன் வந்து காரணம் கூற வேண்டும். ஹாஃப்கினுக்குக் கிட்டாத துணை இது. துணை என்றே கூறுகிறோம். தடை என்று முணுமுணுப்போர் முல்கோவால் ஏடுகளைப் படித்துப் பார்க்கலாம். கேட்டு ஒப்புதல் பெற்றிருந்தால் நான்கு ஆண்டுகள் அவர் தனியே நின்றிருக்க வேண்டியதில்லை.

கூடங்கள் அவற்றின் அபாயத்திற்கேற்ப நான்கு படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. பள்ளி, கல்லூரிகளில் தீங்கற்ற கிருமிகளைக் கையாளும் கூடம் முதற்படி. காற்றின் வழியே உயிரைக் கொல்லும் நோய் பரப்பும் காசநோய்க் கிருமி போன்றவற்றை வளர்ப்பதற்கு மூன்றாம் படி. மருந்தும் தடுப்பூசியும் இல்லாத கொடிய கிருமிகளுக்கு நான்காம் படி. கல்யாணிலிருந்து தெற்கே பிரியும் பாதையில் சென்றால் அடையும் புணேயில், 1952-இல் தோன்றிய தேசிய நச்சுயிரி நிலையம் உள்ளது. 1957-இல் கர்நாடகத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகளையும் மனிதரையும் கொன்ற புதுக் காய்ச்சலின் காரணத்தை அதன் விஞ்ஞானிகள் கண்டனர். அக்கிருமியை ஆராய்ந்த கூடங்களில் பணிபுரிந்தோர் பலரையும் அக்காய்ச்சல் பற்றியது. அந்நிலையத்தில் நான்காம் படிக் கூடம் 2012-இல் திறக்கப்பட்டது. இடையே கழிந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், பாதுகாப்பு எத்துணை மெதுவாக ஆராய்ச்சியைப் பின்தொடர்கின்றது என்பது புலனாகும்.

ஆனால் நம் பிள்ளைகள் பயிலும் பெரும்பாலான கூடங்கள் முதல் இரண்டு படிகளைச் சேர்ந்தவை. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கிய மாதுங்கா இரசாயனத் தொழில்நுட்ப நிலையத்திலும் இன்று உயிரியல் ஆராய்ச்சி நடக்கின்றது. கலீனா, பவாய், கார்கர் எங்கும் நடக்கின்றது. அங்கே பார்வையிடச் செல்லும் குழு எதனைக் காணவேண்டும்? சுவரில் ஒட்டிய அறிவிப்புகளையன்று. ஒன்றிரண்டு சொல்லலாம். கிருமி வேலைக்குப் பயன்படும் கண்ணாடிப் பெட்டகங்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் இரு வகைப்படும். லேமினார் மேடை என்பது சுத்தமான காற்றை உள்ளிருந்து பணிபுரிவோர் முகத்தை நோக்கி வீசும்; அது காப்பது உள்ளேயிருக்கும் பொருளை. பாதுகாப்புக் கேபினெட் என்பது காற்றை உள்ளே இழுத்து வடிகட்டி வெளிவிடும். அது காப்பது மனிதரையும். முதலாவதில் அமர்ந்து நோய்க்கிருமியைக் கையாளும் மாணவர், அக்கிருமியைத் தம் முகத்தில் தாமே விசிறிக்கொள்பவராவார். பெயரளவில் பார்த்துச் செல்வோர்க்கு இரண்டும் பெட்டகமே.

இரண்டாவது, ஆட்டோக்ளேவ் என்னும் நீராவிக் கலம். 121 பாகை வெப்பத்தில், அழுத்தத்தோடு, கால் மணி நேரமாவது பொருள் இருந்தால்தான் முல்கோவாலில் கொன்ற கிருமியின் வித்து போன்றவை மடியும். முள் 121-ஐக் காட்டுவதனால் மட்டும், நெருக்கித் திணித்த பையின் நடுவே அவ்வெப்பம் சென்றது என்று பொருளாகாது. வெப்பம் தாங்கும் வித்துகள் அடங்கிய சிறு குப்பியைப் பையின் நடுவே வைத்தெடுத்து, அவை செத்தனவா என்று வளர்த்துப் பார்ப்பதே சோதனை. பார்வையிடுவோர் கேட்க வேண்டியது, அச்சோதனை கடைசியாக என்று நடந்தது, எந்த ஏட்டில் எழுதியுள்ளது, யார் கையொப்பமிட்டார் என்பதே. ஏடு இல்லையெனில் சோதனையும் இல்லை என்றே கொள்ளல் வேண்டும். எல்லா நாட்களுக்கும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே நாளில் எழுதப்பட்டது போன்று தோன்றும் ஏட்டைக் கண்டால், ஏடே இல்லாத இடத்தைக் காட்டிலும் மிகுதியாகக் கவலைப்பட வேண்டும்.

மூன்றாவதாக, கழிவை எடுத்துச் செல்பவர். கூடத்தில் ஆராய்ச்சி மாணவர் மூன்றாண்டு, ஐந்தாண்டு இருந்து பட்டம் பெற்றுச் செல்வர். கண்ணாடி கழுவுபவரும் பை சுமப்பவரும் முப்பது ஆண்டு இருப்பர். இந்நகரத்துக் கூடங்களில் அவர்களுள் நம்மவரும் உண்டு. இப்பொழுது அவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்களாதலால் நிறுவனத்துப் பெயர்ப் பட்டியலிலேயே இராமற் போவதும் உண்டு. பயிற்சி வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். அவர்கள் வாசலுக்கு வெளியே காத்திருப்பர். குழுவினர் அவரை அழைத்து, பையை எவ்வாறு கட்டுகிறீர், எங்கே கொண்டு செல்கிறீர், ஊசி குத்தினால் யாரிடம் சொல்வீர் என்று அவருக்குத் தெரிந்த மொழியில் கேட்டால், அக்கூடத்தைப் பற்றி அலமாரி நிறைந்த கோப்புகள் கூறாதனவற்றையும் அறியலாம். மருத்துவமனைகளுக்கு மட்டுமின்றி ஆராய்ச்சி, கல்வி நிலையங்களுக்கும் பொருந்துவதாக 2016-இல் வெளிவந்த உயிரி மருத்துவக் கழிவு விதிகள், இக்கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் தடுப்பூசி போடப்பட வேண்டும் என்று கூறுகின்றன. அவ்விதியில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட நோய்கள் இரண்டு. ஒன்று மஞ்சட்காமாலையின் ஒரு வகையான ஹெபடைடிஸ் பி. மற்றொன்று இரண ஜன்னி.